களிசான் போட்ட ஞாயிற்றுக்கிழமை

என் கணவர் பாவாடையும் குதி உயர்ந்த சப்பாத்தும் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைக் குறை சொல்லக்கூடாது. நாடகமோ, நேர்த்திக்கடனோ, மூளைக் கோளாறோ ஒன்றுமில்லை. முழங்காலுக்குக் கீழே நான்கு விரல் இறங்கிய கடும்நீலப் பாவாடை, வெள்ளை அரைக்கைச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா, காலில் மூன்று அங்குலக் குதி வைத்த கறுப்புச் சப்பாத்து, நெற்றியில் திருநீறு. கோயிலுக்கு மட்டும் வேட்டி.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். மாத்தளையில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் குளம், வாய்க்கால், பாலம் இவற்றின் வரைபடங்களை உயரமான மேசை முன்னால் நின்றபடி கீறுவது அவருடைய வேலை. நான் இந்த மாவட்டத்திலேயே பிறந்தவள். அப்பா தோட்டத்தில் கிளாக்கர். நான் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தேன். எழுபதுகளின் நடுவில் எங்களுக்குக் கல்யாணம் நடந்தபோது அவர் பெல்பொட்டம் களிசானும் உயரக் குதிச் சப்பாத்தும் போட்டிருந்தார். அப்போது ஊரிலிருந்த இளந்தாரிகள் எல்லாருமே அப்படித்தான் டக்டக்கென்று நடந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு அந்த மோஸ்தர் போனது. எல்லாரும் குதியிலிருந்து இறங்கினார்கள், இவர் இறங்கவில்லை. மேசைக்குச் சரியான உயரமாக இருக்கிறது என்றார். சரி, தொலையட்டும் என்று விட்டேன்.

பாவாடை வந்தது இன்னும் சில வருஷம் கழித்து. குளத்துக்குக் கீறுவதுபோலவே ட்ரேசிங் தாளில் அளவோடு கீறிக் கொண்டுபோய்த் தையற்காரரிடம் கொடுத்திருக்கிறார். தையற்கார நானா அது எனக்கென்று நினைத்துக்கொண்டு கடைத்தெருவில் என்னை நிறுத்தி, "டீச்சர், இடுப்பு இவ்வளவு பெருத்துட்டீங்களா? பாத்தாத் தெரியலையே" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அன்று மீன் வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஏன் இப்படி என்று கேட்டேன்.

"எனக்குப் பிடிச்சிருக்கு. வேற என்ன காரணம் வேணும்?" என்றார். "இந்த ஊரில பாதி ஆம்பிளையள் சாரத்தோடதான் திரியினம். அதில கொக்கி இல்லை, இதில இருக்கு. அவ்வளவுதான் வித்தியாசம்."

கணக்கு டீச்சராக அதை இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன், விடை சரியாகத்தான் வந்தது. அதனாலேயே கோபம் இரண்டு மடங்கானது.

அலுவலகத்தில் பெரிய கிளாக்கர் பழைய சுற்றறிக்கைக் கோப்புகளை எல்லாம் இறக்கி இரண்டு கிழமை தூசி தட்டினாராம். ஆண் உத்தியோகத்தர்கள் சாரம் கட்டிக்கொண்டு வரக்கூடாது என்று ஒன்று இருந்தது. ரப்பர் செருப்புப் போடக்கூடாது என்று இன்னொன்று இருந்தது. பாவாடையையும் குதி உயர்ந்த சப்பாத்தையும் தடுக்க வேண்டும் என்று எந்தப் பெரிய மனுஷனுக்கும் தோன்றியிருக்கவில்லை. கோப்புகளை மறுபடி அடுக்கி வைத்ததோடு விஷயம் முடிந்தது.

ஊர் இரண்டு மூன்று மாதம் விசிலடித்தது. பிறகு அதற்கும் அலுத்துப்போனது. சிங்களத்தில் பாவாடையைச் சாய என்பார்கள், ஐயாவை மஹத்தயா என்பார்கள். 'சாய மஹத்தயா' என்று அவருக்குப் பெயர் விழுந்தது. பஸ் கொண்டக்டர்கூட அப்படித்தான் கூப்பிட்டு இடம் கொடுப்பான். ஊருக்குப் பழகிவிட்டது, எனக்குத்தான் பழகவில்லை. அவருடைய பாவாடையைத் துவைத்தால் பின்பக்கக் கொடியில் இரண்டு படுக்கை விரிப்புகளுக்கு நடுவே காயப்போடுவேன். சேர்ந்து வெளியே போனால் பத்தடி முன்னால் நடப்பேன். எதிரே வருகிறவர்களின் கண் என்னைத் தாண்டி எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே நடப்பேன். அது எப்போதும் கீழேதான் போகும், அவருடைய காலுக்கு.

ஒருநாள் காலை அவசரத்தில் எங்கள் குசினி வாசலின் தாழ்ந்த மேல்நிலையில் அவருடைய நெற்றி மோதியது. வெறுங்காலோடு போயிருந்தால் மோதியிருக்காது, சப்பாத்தோடு போனார். வலது புருவத்துக்கு மேலே வெடித்து இரத்தம் வந்தது. நான் கோப்பித்தூளை அள்ளிக் கொடுத்துவிட்டு அந்தச் சப்பாத்தைத் திட்ட ஆரம்பித்தேன். அவர் கோப்பித்தூளை அப்பிக்கொண்டு வேலைக்குப் போனார். சாயந்தரம் திரும்பி வரும்போதும் நான் திட்டி முடித்திருக்கவில்லை.

எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு காலம் கெட்டுப்போனது. தமிழ் ஆம்பிளை என்றால் யார் கண்ணிலும் படாமல் இருப்பதுதான் நல்லது என்று ஆனது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மணல் மூட்டை அடுக்கிப் பொலிஸ் காவல் போட்டார்கள். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்தால் கேள்விக்கு மேல் கேள்வி. இவரோ அந்தக் காவலைத் தாண்டி ஒரு நாளைக்கு இரண்டு தடவை குதி ஒலிக்க நடந்தார். அங்கேயிருந்த சார்ஜன் தினமும் சிரித்து சலாம் போடுவாராம். களிசானைப் போட்டுக்கொண்டு பத்துப் பேரோடு பதினோராவது ஆளாகப் போனால் என்ன என்று ஒவ்வொரு வாரமும் கேட்பேன்.

அப்போதுதான் என் தம்பிக்குப் பல்லேபொலையில் பெண் பார்த்தோம். ஞாயிற்றுக்கிழமை தட்டோடு போக வேண்டும். அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "ஒம் புருஷன் அந்தப் பாவாடையோட வந்தாருன்னா இந்தச் சம்பந்தம் அதோட முடிஞ்சிரும்."

சனிக்கிழமை அவரிடம் கேட்டேன். "என்னங்க, நாளைக்கு ஒரு நாள் மட்டும் களிசான் போட்டுக்கங்க. எனக்காக."

அவர் அலுமாரியின் அடியிலிருந்து பழைய களிசானை எடுத்துத் தானே அயர்ன் பண்ணினார். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

காலையில் களிசானும் தட்டைச் செருப்புமாகப் பூவும் பழமும் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனார். ஒன்பது மணிக்குத் திரும்ப வேண்டியவர் பத்தாகியும் வரவில்லை. பூக்கடைப் பையன்தான் ஓடிவந்து சொன்னான், காவலில் பிடித்துப் பொலிசுக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று.

நான் போனபோது அவர் உள்ளே ஒரு நீள மர வாங்கில் குனிந்து உட்கார்ந்திருந்தார். அவரிடம் பேச விடவில்லை. நடந்தது இதுதான். அடையாள அட்டையைப் பார்த்திருக்கிறார்கள், யாழ்ப்பாணம். எத்தனை நாளாக இங்கே என்று கேட்டதற்கு, இருபது வருஷமாக இருக்கிறேன், தினமும் இந்தக் காவலைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன் என்றிருக்கிறார். அந்தச் சார்ஜனைக் கூப்பிட்டுக் கேட்டால், நாலு வருஷமாக அங்கே நிற்கிறேன், இந்த ஆளைக் கண்டதேயில்லை என்று சொல்லிவிட்டார். நான்தான் சாய மஹத்தயா என்று இவர் சொல்லியும் பார்த்திருக்கிறார். சாய மஹத்தயா நல்ல உயரம், இது யாரோ கட்டை ஆள், எங்களைப் பகிடி பண்ணுகிறான் என்றாராம் சார்ஜன். பொய் சொல்லும் யாழ்ப்பாணத்து ஆள் என்றால் அந்த நாளில் எங்கே கொண்டுபோவார்கள், எப்போது திரும்புவார் என்று யாராலும் சொல்ல முடியாது. சாயந்தரம் கண்டிக்கு அனுப்பப் போவதாக ஒரு கான்ஸ்டபிள் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை ஆனபடியால் அலுவலகத்திலிருந்து கூட்டிவரவும் ஆள் இல்லை.

பொறுப்பதிகாரி ஊருக்குப் புதியவர், மரியாதையானவர். என்னைத் தனி அறையில் உட்கார வைத்துச் சிங்களத்தில் கேட்டார். "உங்கள் கணவர் என்றால், முகத்தில் என்ன அடையாளம் இருக்கிறது, சொல்லுங்கள்."

நான் யோசித்தேன். பாவாடையின் ஒவ்வொரு மடிப்பும் கண்ணுக்கு முன்னால் வந்தது. சப்பாத்தின் இடது குதி தேய்ந்திருப்பது வந்தது. முகம் வரவில்லை.

"ஒன்றும் இல்லை" என்றேன்.

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் பிழையாகச் சொல்லிவிட்டேன் என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. என்ன பிழை என்றுதான் தெரியவில்லை.

வீட்டுக்கு ஓடினேன். பாவாடையும் சப்பாத்தும் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒழுங்காக வைத்தபடி இருந்தன. பை தேட நேரமில்லை. பாவாடையைக் கையில் தொங்கப்போட்டு, சப்பாத்து இரண்டையும் மற்றக் கையில் பிடித்துக்கொண்டு கடைத்தெருவின் நடுவால் வந்தேன். யார் பார்த்தார்கள், யார் சிரித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. பொறுப்பதிகாரியின் மேசைமேல் அவற்றை வைத்து, "இதைப் போட்டுக்கொண்டு அவர் நடக்கட்டும். அந்தச் சார்ஜனைக் கூப்பிடுங்கள்" என்றேன். என் குரல் வகுப்பில் கேட்பதுபோலக் கேட்டிருக்க வேண்டும். அவர் மறுப்புச் சொல்லவில்லை.

சார்ஜன் முற்றத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். பின்னறையிலிருந்து இவர் வெளியே வந்தார். சீமெந்துத் தரையில் நாலு அடி வைத்திருப்பார், டக், டக். சார்ஜன் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை, அதற்கு முதலே கை சலாமுக்கு உயர்ந்துவிட்டது.

"ஆ, அபே சாய மஹத்தயா!" எங்கள் பாவாடை ஐயா என்று அர்த்தம். திரும்பிப் பார்த்த பிறகுதான் அந்த மனுஷனுக்கு முகம் வெளிறியது. தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். நாங்கள் குடித்தோம். இனிப்புக் கூடிய தேத்தண்ணி.

பல்லேபொலைக்கு அம்மாவும் தம்பியும் எங்களை விட்டுவிட்டே போயிருந்தார்கள். காரியம் நல்லபடி முடிந்தது என்று பிறகு தெரிந்தது. நாங்கள் இருவரும் வீட்டை நோக்கி நடந்தோம். களிசான் சுருட்டியபடி என் கையில் இருந்தது. கடைகளைத் தாண்டினோம்.

"உம்மை உள்ளுக்குக் கூப்பிட்டு என்ன கேட்டவர்?" என்றார்.

"உங்க முகத்துல என்ன அடையாளம்னு."

"என்ன சொன்னனீர்?"

பொய் சொல்லியிருக்கலாம். "ஒன்னும் இல்லன்னு" என்றேன்.

அவர் நின்றார். கை மெல்ல வலது புருவத்துக்குப் போய், அங்கேயே இருந்தது. கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ இலேசாக இருந்திருக்கும்.

"பரவாயில்லை. அந்தச் சார்ஜனெண்டாலும் சப்பாத்துச் சத்தத்தில கண்டுபிடிச்சான்" என்றார்.

நடுத்தெருவில், ஞாயிற்றுக்கிழமைச் சனத்துக்கு நடுவில், அவருடைய கையை விலக்கினேன். தழும்பு ஒரு கிராம்பு நீளத்துக்கு இருந்தது. ஒரு பக்கம் தடித்து, மறு பக்கம் புருவ மயிருக்குள் இறங்கியிருந்தது. எத்தனை நாள் வலித்தது என்று கேட்டேன். ஐந்து வருஷம் பிந்திக் கேட்ட கேள்வி அது. அவர் கொஞ்சம் யோசித்து, பத்து நாள் என்றார்.