தோப்பூருக்கு அப்பால் நாலு மைல், ஒரு சட்டித் தயிர்

காலை ஐந்து மணிக்கு யாழ்ப்பாணத்தில் இருந்து புறப்பட்டேன். மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒரு சாக்குக் கட்டியிருந்தது. அதற்குள் நான் மூன்று நாள் மினக்கெட்டுச் செய்த ஓர் இரும்புத் தட்டு. முன்பக்கத்தில் பூட்டுவதற்கு நாலு ஆணி, மேலே கமரா வைப்பதற்கு ஒரு பலகையளவு இடம். ஏழு இறாத்தல் நிறை. ஒரு ஆள் ஏறி நின்றாலும் அசையாது. அதைச் செய்து முடித்த அன்று எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது.

போன காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். மஜீத் என்றொரு சிநேகிதன். திருகோணமலையில் ஒரு வேலைத்தலத்தில் நாலு வருடம் என்னோடு ஒரே மேசையில் இரும்பு அராவியவன். நான் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிப் பட்டறை போட்டேன். அவன் அங்கேயே இருந்துவிட்டான். அவனுடைய ஊர் கொன்றையடிச்சேனை, தோப்பூருக்கு அப்பால் நாலு மைல். அந்த நாலு மைல் கிறவல் வீதியும் குண்டும் கிடங்குமாகிப் போனதால் பஸ் தோப்பூரோடு நின்றுவிட்டது. வீதிகளைப் பார்க்கிற அரசாங்கக் கந்தோருக்கு எழுதினால், வீதி திருத்தப்பட்டதாகக் கோப்பில் இருக்கிறது என்று பதில் வருகிறது. கந்தோர் என்ஜினியர் தோப்பூர் வரை வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்.

வீதியைப் படம் பிடித்து அவருக்குக் காட்டுவதென்று மஜீத் ஒரு கப்பல்காரனிடம் பித்தளை விளக்கொன்றைக் கொடுத்து, கையால் சாவி முறுக்கி ஓடவிடும் சின்ன சினிமாக் கமரா ஒன்றும் இரண்டு சுருள் பிலிமும் வாங்கினான். யாரோ ஒருவரின் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து முதல் சுருளை எடுத்தான். அது கழுவுவதற்கு வெளிநாடு போய் மூன்று மாதத்தில் வந்தது. அதில் வானம் இருந்தது. ஓட்டியவரின் காது இருந்தது. பிறகு மறுபடியும் வானம். என்ஜினியர் பார்த்துவிட்டு, "இது றோட்டோ, கடலோ?" என்று கேட்டாராம். மிச்சம் ஒரு சுருள். நாலு நிமிடப் படம். இந்தத் தட்டுப்பாட்டுக் காலத்தில் இன்னொன்று எங்கே தேடுவது? "உன்ட மோட்டார் சைக்கிளோட வா மச்சான். கமரா ஆடாம இரிக்க ஒண்டு செஞ்சு கொண்டு வா" என்று எழுதியிருந்தான்.

வவுனியா போகும் வழியில், அரிசி கடத்துகிறவர்களைப் பிடிக்கிற தடையொன்றில் மறித்தார்கள். சாக்கைத் தட்டிப் பார்த்து, "அரிசியோ, மிளகாயோ?" என்றார்கள். இரும்பு என்றேன். நம்பாமல் அவிழ்த்துப் பார்த்தார்கள். ஒருவன் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதை ஏன் ஐயா காவுறியள்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. மறுநாள் நானும் அதைத்தான் கேட்டேன்.

நூற்றைம்பது மைலுக்குக் கொஞ்சம் குறைவு. பகல் ஒன்றரைக்குத் திருகோணமலை. கச்சான் காற்று நெருப்பாக அடித்தது. இறங்குதுறைக் கடையில் பிளேன்ரீ இருபது சதம், சீனி கையில் தருவார்கள். மஜீத் அங்கே காத்திருந்தான். கட்டிப்பிடிக்காமல் முதலில் சாக்கைத் தொட்டுப் பார்த்தான்.

"என்னடா, தண்டவாளத்தக் கழட்டிக் கொண்டாந்திரிக்காய்?"

"வாயைப் பொத்து. உன்ர கையைவிட இது திறம்."

இரண்டரை மணிக்கு மூதூர் போகும் லோஞ்சுப் படகு. எனக்கு ஒரு ரூபா, மோட்டார் சைக்கிளுக்கு இரண்டு. நாலு பேர் தூக்கி ஏற்றினார்கள். கொட்டியாரக் குடாவை நான் அந்த நாலு வருடத்தில் நூறு தரமாவது கடந்திருப்பேன். அழகு என்றால் அழகுதான், அதை எழுத எனக்குத் தெரியாது. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கப்பல், நடுவில் ஆட்டுக்குட்டியோடு ஒரு மனிசி படகின் ஆட்டத்தில் சத்தி எடுத்துக்கொண்டிருந்தாள். மூதூரில் இறங்க நாலு மணி. தோப்பூர் வரை ஆறு மைல், குறை சொல்ல ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு வந்ததை வீதி என்று சொன்னவனை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். நாலு மைலுக்கு ஐம்பது நிமிடம். இரண்டு இடத்தில் மஜீத் இறங்கி நடந்தான். நடந்தவன் எனக்கு முதல் போய்ச் சேர்ந்தான்.

மஜீத்தின் மூத்த சகோதரி றாபியா. அவன் கூப்பிடுவதுபோல் நானும் றாத்தா என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய கணவர் எருமைகளோடு பட்டியில் தங்குகிறவர். தயிர் போடுவது, விற்பது எல்லாம் றாத்தா. பஸ் வந்த காலத்தில் வாசலிலேயே முப்பது சட்டி ஏற்றுவார். இப்போது தலையில் வைத்துத் தோப்பூருக்கு நடக்கிறார், ஆறு சட்டி. மாட்டு வண்டியில் ஏற்றிப் பார்த்தார். குலுக்கத்தில் தயிர் வெடித்துத் தண்ணீர் விட்டுவிட்டது, கடைக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். பதினொரு எருமையில் இரண்டை விற்றாயிற்று. மிச்சம் ஒன்பதையும் பார்க்க ஒரு வியாபாரி வந்து போயிருக்கிறான்.

"பஸ் வந்தா எரும நிக்கும் தம்பி. வராட்டி அதுகளும் போகும்" என்றார், புட்டைப் பரிமாறிக்கொண்டு. அழவில்லை. கறி காணுமா, இன்னும் விடவா என்று அடுத்த மூச்சிலேயே கேட்டார்.

மறுநாள் காலை ஏழு மணிக்குத் தட்டைப் பூட்டினேன். பாறைபோல் நின்றது. கமராவை வைக்கப் போனேன். றாத்தா அடுப்பை விட்டுக் குசினிக்குள் இருந்து வந்து மறித்தார்.

"பிலிம் ஒண்டுதானே இரிக்கி. ஆடுதா இல்லையாண்டு எப்பிடிக் கண்டுபுடிப்பீங்க?"

நானும் மஜீத்தும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். இரண்டு பேரும் பட்டறைக்காரர். அதை யோசிக்கவே இல்லை.

"என்ட தயிர வைங்க. ஆடினா அது சொல்லும்."

உறைந்து இறுகிய ஒரு சட்டித் தயிரைத் தட்டில் வைத்துக் கட்டினோம். கால் மைல் போய்த் திரும்பினேன். றாத்தா மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூன்று கோப்பை எடுத்து வந்தார்.

"மோர் குடிங்க."

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. தட்டு அசையவில்லை என்று சத்தியம் செய்தேன். தட்டு அசையாததுதான் பிழை என்று மோரைக் குடித்து முடிக்கும்போது விளங்கியது. இறுக்கிப் பூட்டினால் சில்லுக்கு விழுகிற அடியெல்லாம் நேரே சட்டிக்குப் போகிறது. அதன் கீழே மூன்று மடிப்பு ரியூப் றப்பர் வைத்தேன். இரண்டாவது சட்டியில் ஒரு விரல் தண்ணீர்.

"உங்கட தலையில வைக்கேக்க ஏன் உடையுறேல்லை?" என்று கேட்டேன்.

"நான் என்ன இரும்பா? கழுத்து வளையும், முழங்கால் மடங்கும்" என்றார். சட்டி வைத்த தலையோடு முற்றத்தில் நடந்தும் காட்டினார். கால் குண்டிலும் குழியிலும் இறங்கி ஏறியது. சட்டி ஒரே உயரத்தில் போனது.

தட்டைக் கழற்றி எறிந்தேன். பெட்ரோல் தாங்கிக்கு மேலே கம்பியால் ஒரு சதுரச் சட்டம் வளைத்தோம். பழைய சைக்கிள் ரியூபை நாடாவாக வெட்டி, நாலு மூலையில் இருந்தும் இழுத்து, நடுவில் ஒரு சின்னப் பலகையைத் தொங்கவிட்டோம். பலகையின் கீழே ஒரு சாண் கம்பி, அதன் நுனியில் மஜீத் மீன் வலையின் ஈயக்குண்டுகளைக் கோத்தான். பாரம் கீழே இருந்தால் மேலே உள்ளது சரியாது. ஆனால் குதித்தபின் நிற்காமல் தொட்டில்போல் ஆடிக்கொண்டே இருந்தது. றாத்தா ஒரு விரலைக் கம்பியில் மெல்ல வைத்தார். ஆட்டம் அடங்கியது. அந்த விரலுக்குப் பதில் எண்ணெயில் தோய்த்த சாக்குத் துண்டை இரண்டு பக்கமும் உரசக் கட்டினேன். அதற்கே பின்னேரமாகிவிட்டது. இப்போது அந்தப் பலகையில் ஆறாவது சட்டியை வைத்தோம்.

ஒரு மைல் போய் ஒரு மைல் வந்தேன். வேண்டுமென்றே எல்லாக் கிடங்கிலும் விட்டேன். மூடியைத் திறந்தபோது தயிரின் ஆடையில் ஒரு கீறல் இல்லை. மஜீத் கூத்தாடினான். அயல் சனம் கைதட்டியது. றாத்தாவும் சிரித்தார். பிறகு சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, இந்தத் தயிரக் கொண்டுபோய்க் காட்டினா, றோட்டு நல்லமெண்டுதானே சொல்லுவாங்க?"

மஜீத்தின் ஆட்டம் நின்றது. கமரா ஆடாவிட்டால் படத்தில் வீதியும் ஆடாது. கிடங்கெல்லாம் நிழல் மாதிரித் தெரியும். கோப்பில் உள்ளபடி திருத்திய வீதி! நாள் முழுக்க வேர்வை சிந்தி என்ஜினியருக்குச் சாட்சி தயாரித்திருக்கிறோம். ஆடினால் ஒன்றுமே தெரியாது, ஆடாவிட்டால் பொய் தெரியும்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். றாத்தா குசினிக்குள் போய்விட்டார். நிலத்தில் கிடந்த என் இரும்புத் தட்டுக்கு ஓர் உதை விட்டேன். பெருவிரல் நகம் போனது. தட்டு அசையவில்லை. மஜீத் அதையே பார்த்தான்.

"மச்சான், அந்தத் தட்ட எடுத்து முன்னுக்குப் பூட்டு."

"ஏன், இன்னும் மோர் வேணுமோ?"

"ஓம். மோர்தான் வேணும். கமராவுக்கு முன்னால."

விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. ஆடாத கமரா தாங்கிக்கு மேலே, பின்னால். அது பார்க்கிற இடத்தில், முன்விளக்குக்கு மேலே, என் ஏழு இறாத்தல் தட்டு. அதன்மேல் வாயகன்ற சட்டியில் மூடாத தயிர். வீதி படுகிற பாட்டைத் தயிர் சொல்லும். தயிர் சொல்வதைக் கமரா ஆடாமல் பார்க்கும்.

குசினி வாசலில் நின்று றாத்தாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் என் நகத்துக்கு மஞ்சள் குழைத்துக்கொண்டு, "இரும்புக்கிட்டயும் கேளுங்க" என்றார்.

மூன்றாம் நாள் காலை எட்டு மணி. வெயில் முதுகுப் பக்கம். சாவி ஒருமுறை முறுக்கினால் அரை நிமிடம் ஓடும், ஆகவே எட்டுத் துண்டு, அரை மைலுக்கு ஒன்று. மஜீத் பின்னால் இருந்து கையை நீட்டி அமுக்கினான். படம் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட ஊரார் நல்லதாய் உடுத்து வந்து, ஸ்ரூடியோவில் நிற்பதுபோல் வீதி ஓரத்தில் மூச்சு விடாமல் நின்றார்கள். ஒருவர் குடையும் பிடித்திருந்தார். "அசையுங்கோவன், செத்த பிணங்கள் மாதிரி!" என்று கத்தினேன். ஒருவரும் அசையவில்லை.

இரண்டாம் துண்டில் தயிர் வெடித்தது. மூன்றில் தண்ணீர் விளிம்பைத் தாண்டியது. நாலில் என் சட்டையெல்லாம் தயிர். ஆறாவதில் உடைந்த மதகு. சட்டி இரண்டாகப் பிளந்து, பாதி கீழே போனது. மிச்சப் பாதி கட்டிய கயிற்றில் தொங்கிக்கொண்டு தோப்பூர் வரை என்னைப் பார்த்தபடி வந்தது. கடை வாசலில் சுருளைக் கழற்றி மஜீத் மடியில் கட்டிக்கொண்டான். அங்கேயே எனக்கு விடை தந்தார்கள். றாத்தா ஆறு சட்டியைத் தலையில் வைத்து எங்களுக்குப் பின்னால் நடந்து வந்திருந்தார். ஒன்றுகூட உடையவில்லை. ஒன்றை எனக்குத் தர நீட்டினார். நூற்றைம்பது மைல் ஏலாது றாத்தா என்றேன். லோஞ்சில் ஏறும்வரை சட்டையில் தயிர் மணம், மனசில் அந்த ஒன்பது எருமை. யாழ்ப்பாணம் வரும் வழியெல்லாம் ஒருவரோடும் சண்டை பிடிக்கவில்லை. அதுவே எனக்குக் காய்ச்சல் வருத்தம் வந்த மாதிரி இருந்தது.

ஐந்து மாதம் கழித்து மஜீத்தின் கடிதம் வந்தது. பள்ளிக்கூடமொன்றில் இரவல் வாங்கிய படம் போடும் மெசினால் கந்தோர்ச் சுவரில் படத்தைக் காட்டினானாம். முதல் துண்டில் என்ஜினியர், "றோட்டு நல்லாத்தானே கிடக்கு" என்றார். மூன்றாவதில் கதிரையை முன்னுக்கு இழுத்தார். ஆறாவதில் எழும்பிவிட்டார். மறுபடி ஒருமுறை போடச் சொன்னார். பிறகு, "ஆருடைய தயிர் ஐசே அது?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த கிழமை ஜீப்பில் கொன்றையடிச்சேனைக்கே வந்தார். றாத்தா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து, போகும்போது ஒரு சட்டித் தயிரை மடியில் வைத்தார். "தோப்பூர்க் கடையில இறக்கி விட்டிருங்க தம்பி, பெரிய உதவி." தோப்பூரில் இறங்கியபோது அவருடைய வெள்ளைக் காற்சட்டையைப் பார்க்க ஊரே கூடியதாம். இரண்டு கிழமையில் கிறவல் லொறி வந்தது. பஸ்ஸும் வந்தது. வியாபாரி ஒன்பது எருமையையும் இன்னொருமுறை பார்த்துவிட்டுச் சும்மா போனான்.

கடிதத்தோடு ஒரு சட்டியும் வந்தது. கொன்றையடிச்சேனையில் பஸ்ஸில் ஏறி, லோஞ்சில் கடந்து, திருகோணமலை வரை றாத்தாவோடும் மஜீத்தோடும் வந்து, அங்கே வேறு பஸ் மாறி, கொண்டக்டர்மார் கைமாற்றிக் கைமாற்றி, என் பட்டறை மேசைக்கு வந்து சேர்ந்தது. மூடியைத் திறந்தேன். மேலே இரண்டு விரல் தண்ணீர்.

கடிதத்தின் கடைசி வரியை றாத்தா சொல்லி மஜீத் எழுதியிருந்தான்: "திருகோணமலையில் திறந்து பார்த்தோம் தம்பி, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அதற்கு அங்கால் உங்கட றோட்டு."

தண்ணீரை வடித்துவிட்டு முழுச் சட்டியையும் நானே தின்றேன். பிறகு கடதாசி எடுத்து, எங்கள் பக்கத்து வீதிக் கந்தோருக்கு எழுதத் தொடங்கினேன்.