சிரித்த முகத்துப் பதாகை

அரியாலைச் சந்தியில் பஸ் நின்றபோதுதான் அந்த யோசனை வந்தது. மதிலில் இரண்டு அறிவித்தல்கள் இருந்தன. ஒன்று எங்கள் பிரதேச செயலகம் ஒட்டியது. மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்த உதவிக்கு யார் யார் விண்ணப்பிக்கலாம் என்று பொடி எழுத்தில் ஒரு முழுப் பக்கம். பக்கத்தில் ஒரு கண்ணீர் அஞ்சலிப் பதாகை. பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் கழுத்தைத் திருப்பிப் பார்த்தது அஞ்சலியைத்தான். "ஆர் உவர்? எந்த இடத்து ஆள்?" என்று எனக்குப் பின்னால் ஒரு விசாரணையே நடந்தது. எங்கள் அறிவித்தலைக் கவனித்தது ஒரு ஆடு மட்டும். அதுவும் பசைக்காக.

முகம்! எங்கள் தாளில் இல்லாதது முகம்தான். செயலகத்தில் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பல்கலைக்கழகத்தில் ஊடகம் படித்த சூடு இன்னும் ஆறவில்லை. அடுத்த நாள் காலையே மேலதிகாரியின் மேசைக்கு முன்னால் போய் நின்றேன்.

"சேர், எழுத்தை ஒருத்தரும் வாசிக்கமாட்டினம். உதவி எடுக்கிற ஒராளின்ரை படத்தைப் பெரிசாப் போடுவம்."

"விளம்பரத்துக்கு வந்த காசே கொஞ்சம், பிள்ளை. அதையும் பதாகையிலை விட்டால், அந்தக் காசைச் சனத்துக்கே குடுத்திருக்கலாமே எண்டு கேப்பினம்."

"இருக்கெண்டே தெரியாத உதவியை ஆர் சேர் வந்து கேப்பினம்?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் 'ஓம்' என்று சம்மதிக்கும் விதம் அதுதான்.

குருநகரில் ஓர் அண்ணை இருந்தார். கடலில் நடந்த விபத்தில் ஒரு காலை இழந்தவர். இப்போது வீட்டில் இருந்தபடி கிழிந்த வலைகளைத் திருத்திக் கொடுக்கிறார். அந்த உதவி அவருக்கு மாதாமாதம் தவறாமல் கிடைக்கிறது. படம் எடுக்கப் போனபோது புதுச் சேட்டு போட்டு, பவுடர் பூசிக் காத்திருந்தார்.

"நல்லாச் சிரிக்கட்டோ, அளவாச் சிரிக்கட்டோ?"

"நல்லாச் சிரியுங்கோ அண்ணை."

"முன்பல்லு ரெண்டு இல்லை. பேந்து அதுக்கும் அரசாங்கம் காசு தருமோ எண்டு சனம் உன்னைத்தான் கேக்கும்."

அச்சகத்தில் அவர் முகத்தை நீள்வட்டத்துக்குள் வைத்து, சுற்றிவர வெள்ளைப் பூக்கள் போட்டு, அடியில் உதவி விபரத்தை அச்சடித்துத் தந்தார்கள். அழகாகத்தான் இருந்தது. சுன்னாகம் சந்தையடியில் ஒன்று, அரியாலைச் சந்தியில் ஒன்று. விளம்பரக் காசு அத்தோடு சரி.

ஒரு வாரம் போனது. விண்ணப்பம் கேட்டு ஒருவரும் வரவில்லை. வந்தது குருநகர் அண்ணையின் தொலைபேசி அழைப்பு.

"பிள்ளை, நான் செத்துப்போனனாம்."

"என்ன அண்ணை?"

"சுன்னாகத்திலை உந்தப் பதாகையைக் கண்டிட்டு என்ரை பழைய கூட்டாளி ஒருத்தன், மீன் வியாபாரி, மாலையோடை வீட்டை வந்து நிக்கிறான். நான்தான் படலையைத் திறந்துவிட்டனான். மனுசன் அப்பிடியே நிலத்திலை இருந்திட்டான். இப்பத்தான் தேத்தண்ணி குடிக்கிறான். மாலையை என்ன செய்யிறது எண்டு கேக்கிறான்."

பின்னால் யாரோ மூக்கைச் சிந்துவது கேட்டது.

எங்கள் ஊரில் ஒருவருடைய முகம் சந்தியில் தொங்கினால் அதற்கு மூன்றே காரணம்தான். ஒன்றில் தேர்தலில் வாக்குக் கேட்கிறார், அல்லது அந்த வீட்டில் பிள்ளை வயதுக்கு வந்து சாமத்தியச் சடங்கு, இல்லையென்றால் ஆள் போய்விட்டார். பல்லுப் போன ஒரு நடுவயது மனிதர், கட்சிச் சின்னமும் இல்லை, சுற்றிவர வெள்ளைப் பூ. வேறு என்னவென்று நினைப்பார்கள்? கண்ணீர் அஞ்சலியைப் பார்த்து யோசித்த நான் கண்ணீர் அஞ்சலியையே செய்து தொங்கவிட்டிருக்கிறேன்.

மற்றப் பதாகையைப் பார்க்க நேரே அரியாலைக்கு ஓடினேன். பதாகைக்குக் கீழே ஒரு அக்கா நின்றிருந்தார், நண்டு பதனிடும் கம்பனிக்கு வேலையாட்களை ஏற்றிப் போகும் வானுக்காக.

"அக்கா, உதிலை என்ன எழுதியிருக்கெண்டு பாத்தனீங்களோ?"

"செத்த வீட்டு நோட்டீசை நிண்டு வாசிக்கிறதே, தங்கச்சி? பாவம், சிரிச்ச முகம். ஒவ்வொரு நாளும் சிலுவை போட்டுக்கொண்டுதான் இதாலை போறனான்."

விசயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அவருடைய மகளுக்குப் பிறந்ததிலிருந்து நடக்க இயலாது. முன்பு தூக்கித் திரிந்தவர். இப்போது பிள்ளை வளர்ந்துவிட்டாள், தூக்க முடிவதில்லை. வேலைக்கு வரும்போது உள்ளே விட்டுக் கதவைப் பூட்டிவிட்டு வருகிறார். மாதாமாதம் ஏதாவது கிடைத்தால் அரைநாள் வேலையோடு வீட்டுக்குப் போகலாம்.

"அப்ப வெள்ளிக்கிழமைக்குள்ளை வாங்கோ அக்கா. விண்ணப்பத்துக்கு அதுதான் கடைசி நாள்."

"முந்தியும் எழுதிக் குடுத்தனான், ஒண்டும் வரேல்லை. உங்களை நம்பி வந்தால் ஒரு நாள் சம்பளம் போகும்." வான் வந்துவிட்டது. ஏறிக்கொண்டே பதாகையைக் கையால் காட்டினார். "உந்த மனுசனை உயிரோடை கொண்டுவந்து காட்டுங்கோ. பிறகு வாறன்."

பகிடியாகச் சொன்னாரோ, கோபத்தில் சொன்னாரோ, தெரியவில்லை. எனக்கு அது ஒரு வழியாகப் பட்டது. மேலதிகாரியிடம் போய், ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ ஒன்று வேண்டும் என்றேன்.

"காசு முடிஞ்சுது, பிள்ளை."

"குருநகர் அண்ணையின்ரை மச்சானிட்டை ஓட்டோ இருக்கு சேர். ஸ்பீக்கரும் கட்டியிருக்கு. சும்மா வாறாராம்."

"எந்த ஓட்டோ? மரண அறிவித்தல் சொல்லிக்கொண்டு போறதோ?"

"ஓம் சேர். அது வந்தால்தானே எல்லாரும் படலைக்கு வருவினம்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். இந்த முறை துடைக்க நெடுநேரம் எடுத்தது. சிரிப்பை மறைக்கத்தான் என்று நினைக்கிறேன்.

நாளை வியாழன். நண்டுக் கம்பனி வான் வருவதற்கு முன், சந்தியில் விசாரித்து வைத்த அந்த அக்காவின் வீட்டு ஒழுங்கைக்குள் போகிறோம். அவருக்கான விண்ணப்பப் படிவம் என் பையில் இருக்கிறது. எழுதிக் கையொப்பம் வாங்கி, நானே கொண்டுபோய்க் கொடுத்தால் அவருடைய சம்பளம் போகாது. அண்ணை புதுச் சேட்டைத் தோய்த்துக் காயப்போட்டிருக்கிறாராம். என்ன சொல்லப் போகிறார் என்று கேட்டேன்.

"முதலிலை, நான் சாகேல்லை எண்டு சொல்லுவன். மிச்சத்தைச் சனமே கேக்கும்."

மைக்கை அவரிடம் கொடுத்துவிட்டு, பின்சீட்டில் வாயை மூடிக்கொண்டு இருந்து பார்க்கப் போகிறேன்.