இடப்பக்கம் இல்லாத விண்கலம்

என் வீட்டுக்காரர் கட்டிய விண்கலங்களில் இடப்பக்கம் காணாமல் போக ஆரம்பித்ததை முதலில் பார்த்தவள் நான்தான். பார்த்துவிட்டு, அழகாக இருக்கிறது என்று சொன்னவளும் நான்தான்.

விண்கலம் என்றால் கணினி விளையாட்டில் கட்டும் விண்கலம். ராக்கெட்டைத் துண்டு துண்டாகப் பொருத்தி, ஏவி, கோள்களுக்கு அனுப்பும் விளையாட்டு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் ஊர் பெர்மாஸ் ஜெயாவில் பாதி சனம் ஏர்கான் காற்றுக்காகப் பேரங்காடியில் திரியும். நாங்கள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு ஒரே திரைக்கு முன்னால் இரண்டு நாற்காலி போட்டு உட்காருவோம். அவர் கட்டுவார், நான் குறை சொல்வேன். கல்யாணமான நாளிலிருந்து எல்லா வேலையையும் இப்படித்தான் பங்கு பிரித்துக்கொண்டிருக்கிறோம்.

ஆள் ஏறும் ராக்கெட் அவருக்கு ஆகாது. உள்ளே இருக்கும் பொம்மை மனிதன் செத்துப்போனால் அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அதனால் ஆளில்லாத கலங்கள் மட்டும். அவை பறந்தால் மட்டும் போதாது, பார்க்கவும் லட்சணமாக இருக்க வேண்டும். தங்க நிறத் தகடு சுற்றிய எட்டுப்பட்டை உடம்பு, விரித்த குடை மாதிரி ஆண்டெனா, இரண்டு பக்கமும் நீல நிற சோலார் தகடுகள். குழாயும் தொட்டியும் வெளியே தெரிந்தால் நான் விடமாட்டேன். “உள்பாவாடை தெரியுது, மூடுங்க” என்பேன். அவரும் சிரித்துக்கொண்டே ஒரு வளையத்தைக் கொண்டுவந்து மூடுவார்.

அந்த விளையாட்டில் ஒரு வசதி உண்டு. ஒரு பொத்தானை அழுத்திவிட்டால், வலப்பக்கம் பொருத்தியது தானாகவே இடப்பக்கமும் வந்து ஒட்டிக்கொள்ளும். எல்லோரும் அப்படித்தான் கட்டுவார்கள். இவர் மட்டும் அதைத் தொடமாட்டார். காரணம் காவடி. வருடா வருடம் தைப்பூசத்துக்கு எங்கள் கோயிலில் காவடி கட்டிக்கொடுப்பவர் அவர். வலப்பக்கம் ஒரு மயிலிறகு செருகினால் உடனே இடப்பக்கம் ஒன்று, கையால் வைத்து, கண்ணால் அளந்து. ஒரு பக்கம் கனம் கூடினால் தூக்குகிறவரின் தோள் போய்விடும். விண்கலத்தையும் அதே முறையில்தான் கட்டினார். “மிஷின் ஒட்டுனா அது மிஷின் கட்டுன காவடி லா” என்பார். அந்தப் பிடிவாதத்தை நான் எவ்வளவோ கேலி செய்திருக்கிறேன். அது மட்டும் இல்லையென்றால் எங்களுக்கு எதுவுமே தெரிந்திருக்காது.

அந்த ஞாயிறு அவர் கட்டி முடித்த கலத்தில் வலப்பக்கம் தகடுகள் வரிசையாக நீண்டிருந்தன. இடப்பக்கம் மொட்டையாக இருந்தது. புதுசாக ஏதோ முயன்று பார்க்கிறார் என்று நினைத்தேன். ஒரு பக்கம் மட்டும் சிறகு விரித்த அந்தக் கலத்தில் ஏதோ ஒரு மிடுக்கு இருந்தது. படம் எடுத்து விளையாட்டுக்காரர்கள் கூடும் இணையக் குழுவில் போட்டேன். பாராட்டுகள் குவிந்தன. துணிச்சலான வடிவம் என்று ஒருவர் எழுதியிருந்ததை அவருக்கு வாசித்துக் காட்டினேன்.

“என்ன துணிச்சல்? ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதானே வெச்சிருக்கேன்” என்றார்.

“ஆமா ஆமா, நானும் பாத்தேன்” என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஏவினோம். என்ஜின் மூண்டதும் கலம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பம்பரம் மாதிரிச் சுற்றி, சிதறிப்போனது. விளையாட்டில்தான் கோளாறு என்றார். திரும்பவும் எடுத்து வைத்து ஒவ்வொரு துண்டாகச் சோதித்தார். சுட்டியின் அம்பு வலப்பக்கத் தகடுகளின் மேலேயே போய்ப்போய் வந்தது.

அந்த வாரம் நாசி லெமாக், முட்டை வைத்த தேங்காய்ப்பால் சோறு, பொட்டலம் வாங்கி வந்தேன். சாப்பிட்டு முடித்து, “அந்தக் கடக்காரன் முட்டையே வெக்கல லா” என்றார். அவர் மடித்து வைத்த இலையைப் பிரித்தால் முட்டை அப்படியே இருந்தது. இடப்பக்கம் பாதிச் சோறும் இருந்தது. முட்டைக்காக என்னோடு சண்டைக்கு வருகிற மனிதர் அவர். வேலைக் களைப்பு என்று நினைத்து இலையைச் சுருட்டிப் போட்டேன். இரண்டு நாள் கழித்து அவருடைய மோட்டார் சைக்கிளின் இடப்பக்கக் கண்ணாடி உடைந்திருந்தது. சிங்கப்பூர் தொழிற்சாலைக்கு அவர் தினமும் விடியுமுன் அந்த மோட்டாரில்தான் எல்லைப் பாலத்தைக் கடப்பார். எவனோ உரசிவிட்டான் என்றார். அந்த எவனோ நாசமாய்ப் போக என்று நானும் திட்டித் தீர்த்தேன்.

மறு ஞாயிறு வேறொரு கலம். அதிலும் இடப்பக்கம் மொட்டை. இந்த முறை எனக்கு அது அழகாகத் தெரியவில்லை, எரிச்சலாக இருந்தது. பின்புறம் எப்படி இருக்கிறது என்று பார்க்க, அவர் கையிலிருந்து சுட்டியை வாங்கிக் கலத்தைத் திரையில் அரைச்சுற்றுத் திருப்பினேன். வெறுமையாக இருந்த பக்கம் இப்போது வலப்பக்கம் வந்தது.

அவர் திடுக்கிட்டார். “இந்தப் பக்கத்த யாரு கழட்டுனது? நீயா?”

“நான் எதுக்குக் கழட்டறேன்? நீங்க வெக்கவே இல்லயே.”

முணுமுணுத்துக்கொண்டே தகடுகளை ஒவ்வொன்றாக வைத்தார். வைத்து முடித்ததும் கலம் முழுசாகிவிட்டது. அவர் கட்டியதிலேயே அழகானது அதுதான்.

“இப்ப இடது பக்கம் எப்படி இருக்கு, சொல்லுங்க” என்றேன்.

நெடுநேரம் திரையைப் பார்த்தார். “அங்க ஒண்ணுமே இல்லயே. அதயும் கழட்டிட்டியா?”

தகடுகள் அங்கேதான் இருந்தன. கொஞ்ச நேரத்துக்கு முன் அவரே தன் கையால் வைத்தவை. முட்டை, கண்ணாடி, சிதறிய கலம் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து எனக்குப் புரிந்தது. நான் இவ்வளவு பயந்தது என் வாழ்நாளில் இல்லை.

“ஒங்களுக்கு எடது பக்கம் தெரியல. கண்ணுலயோ தலையிலயோ என்னமோ ஆயிருக்கு. வாங்க, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போலாம்.”

“கண்ணு நல்லாதான் தெரியுது. டாக்டர் ஏதாச்சும் எழுதிக் குடுத்தான்னா சிங்கப்பூர் வேல பாஸ் போயிடும். அந்த வேல போனா இங்க என்ன செய்யச் சொல்ற?”

“பாஸ் போனா போகட்டும். எடது பக்கமா ஒரு லோரி நொழஞ்சா என்ன செய்வீங்க?”

“வந்தா தெரியாதா?”

“முட்ட தெரியலயே.”

எழுந்து போய்விட்டார். அன்று சாயங்காலம் முழுக்கக் கெஞ்சினேன், அழுதேன், கத்தினேன். எனக்கு வாய் நீளம் என்று ஊருக்கே தெரியும். அன்றைக்கு அது எதற்கும் உதவவில்லை. பைத்தியம் மாதிரிப் பேசாதே என்ற ஒரு வார்த்தையோடு முடித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை விடியுமுன் அவர் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். நான் முன்னாலேயே வந்து வாசலில் மோட்டாருக்கு இடப்பக்கம் நின்றிருந்தேன். அவரைத் தடுக்கத்தான் நின்றேன். அவர் மறுபக்கமாக நேராக வந்து ஏறி உட்கார்ந்து இயந்திரத்தை முடுக்கினார். கையை நீட்டினால் அவர் தோளைத் தொடலாம், அவ்வளவு பக்கம். விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. அவர் வலப்பக்கம் கழுத்தைத் திருப்பி வீட்டுக்குள் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“மா, நான் கெளம்பறேன். வந்து கேட்டச் சாத்திக்க. இன்னும் கோவமா?”

பதிலுக்காகக் காத்திருந்தவர், நான் கோபத்தில் வரவில்லை என்று நினைத்துப் பெருமூச்சு விட்டார்.

“நான் இங்கதாங்க நிக்கறேன்” என்றேன்.

உடம்பு தூக்கிப்போட, தலையை முழுக்கத் திருப்பி என்னைப் பார்த்தார். இயந்திரத்தை அணைத்தார்.

“எப்ப வந்த?”

“நீங்க வர்றதுக்கு முன்னாடியே.”

அவர் மோட்டாரை விட்டு இறங்குவதற்கு என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக்கு நான் காரை ஓட்டினேன், அவர் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அங்கிருந்து அவருக்கு நான் வலப்பக்கம். முழுதாகத் தெரிந்திருப்பேன். வழி நெடுக வெளியே ஒரு தடவைகூடப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.