வெள்ளிக்கிழமை நகரும் சீட்

நான் ஜெர்மன் கார் நின்ற வீட்டில் வளர்ந்தவள். இப்படிச் சொன்னதும் கேட்பவர்களின் முகம் ஒரு மாதிரி மரியாதைக்கு மாறும். நானும் கொஞ்ச நேரம் அதை அனுபவித்துவிட்டுத்தான் மிச்சத்தைச் சொல்வேன். வீடு ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலை எலெக்ட்ரீசியனின் வீடு. கார் நின்றது தென்னந்தட்டி வேய்ந்த கொட்டகையில். ஓடிய நாட்களைவிட அது படுத்துக் கிடந்த நாட்கள்தான் அதிகம். அதை நாங்கள் வாங்கவும் இல்லை. இறந்துபோன மாமாவின் வண்டி அது.

மாமா, அம்மாவின் அண்ணன். பட்டாளத்தில் டிரைவராக இருந்தவர். வடக்கே யாரோ ஒரு ஆபீசர் ஓட்டிச் சலித்த காரை வாங்கி, அங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் தானே ஓட்டிக்கொண்டு வந்தார். நல்ல உயரம். எங்கள் வீட்டுக்கு வந்தால் நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டு, படியைத்தான் திட்டுவார். அவருக்கும் அத்தைக்கும் பிள்ளைகள் கிடையாது. அந்த வண்டியைத்தான் குளிப்பாட்டித் துடைத்துக்கொண்டிருப்பார். அப்பாவை ஸ்டியரிங் பக்கம் விடவே மாட்டார். "மாப்ள, இது ஒங்க மில்லு மோட்டாரு இல்ல பாத்துக்கோங்க" என்பார். அப்பாவும் சிரித்துக்கொண்டு பின்சீட்டில் ஏறிவிடுவார்.

ஒருநாள் காலையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். காரியமெல்லாம் முடிந்த மறுநாள் அத்தை அப்பாவைக் கூப்பிட்டு, "வாசல்ல அது நிக்கிறதப் பாத்தா அவிய உள்ள இருக்காகன்னே தோணுது தம்பி. கண்ணுல படாம கொண்டு போயிருங்க" என்றாள். லோடு ஆட்டோவில் கயிறு கட்டி இழுத்து வந்தோம். பக்கத்து வீட்டு அம்மா தெலுங்கும் தமிழும் கலந்து பேசுகிறவர். வாசலுக்கே வந்துவிட்டார். "வத்தும்மா, வத்து. வேணாம். போனவரு வண்டிய வீட்டுக்குள்ள விடாதீங்க" என்றார். அம்மா டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் மட்டும் வைத்தாள்.

அப்பாவுக்கோ கொண்டாட்டம். கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் ஒரு ரப்பர் குழாய்க்குச் சொன்ன விலையைக் கேட்டுவிட்டுப் போனை வைத்தவர், அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. செல்போனில் ஒரு வெள்ளைக்காரன் இதே காரைப் பிரித்து மாட்டும் வீடியோவைச் சத்தமில்லாமல் வைத்துப் பார்ப்பார். பேச்சு புரியாது, கை போகிற வழி புரியும் என்பார். ரேடியேட்டர் குழாய்க்கு லோடு ஆட்டோ குழாயை வெட்டிப் போட்டார். கதவு பூட்டுக்குச் சைக்கிள் பிரேக் கம்பி. உள்கூரைத் துணி வயிறு தொங்கிக் கிடந்தது. அதைக் கிழித்தெறிந்துவிட்டு, சத்திரப்பட்டியிலிருந்து பேண்டேஜ் துணி வாங்கிவந்து பசை தடவி ஒட்டினார். மலிவுதான், சுத்தமாகவும் இருந்தது. ஆனால் உள்ளே ஏறி அண்ணாந்து பார்த்தால் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பதுபோல் இருக்கும். நான் அண்ணாந்து பார்ப்பதை விட்டுவிட்டேன்.

ஆயுத பூஜை வந்தது. மில்காரர் வீட்டு ஆயுத பூஜையில் எதுவும் தப்ப முடியாது. மிக்ஸி, டெஸ்டர், ஃபேன் ரெகுலேட்டர், என் ஜாமெட்ரி பாக்ஸ் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் உண்டு. மில்லில் மெஷினுக்கு ஒரு பொட்டு வைத்தால் போதாது, பித்தானுக்குப் பித்தான் வைக்க வேண்டும். அதே வழக்கம்தான் வீட்டிலும். காருக்குப் பொட்டு வைக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருந்தார்கள். நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. ஸ்டியரிங், ஹாரன், கியர் எல்லாம் முடித்துவிட்டு டிரைவர் கதவுக்கு வந்தேன். அங்கே எண் போட்ட பித்தான்கள் வரிசையாக இருந்தன. ஒன்று என்று எழுதியிருந்ததன்மேல் சந்தனக் கட்டைவிரலை வைத்து நன்றாக அழுத்தினேன்.

சீட்டுக்கு அடியில் ஏதோ முனகியது. காலியான டிரைவர் சீட் மெல்லப் பின்னால் நகர்ந்தது. பிறகு கொஞ்சம் தாழ்ந்தது. சாய்மானம் பின்னுக்குச் சரிந்தது. கடைசியில் வெளியே இருந்த கதவுக் கண்ணாடி, யாரோ நிமிர்ந்து உட்கார்ந்து பின்னால் வண்டி வருகிறதா என்று பார்ப்பதற்குத் தோதாகத் திரும்பி நின்றது. காலை நீட்ட இடம் பார்த்து ஒரு உயரமான ஆள் உட்கார்ந்ததுபோலவே இருந்தது. அம்மாவின் கையிலிருந்த தட்டு கீழே விழுந்தது. நான் கத்தவில்லை. "மாமா" என்றேன், அவ்வளவுதான்.

அப்பாதான் சிரித்தார். "அட, ஒண்ணும் இல்லட்டி. சீட்டுக்கு அடியில ஒரு ஞாபகப் பெட்டி இருக்கு. மச்சான் உக்காருத அளவு அதுக்குள்ள கெடக்கு. ஆளு போனது அதுக்குத் தெரியாதுல்லா?" என்றார். சொன்ன பிறகு அவருக்கே என்னவோபோல் ஆகிவிட்டது. கொட்டகைக்கு வெளியே போய் ஒரு பீடி பற்றவைத்தார்.

இதை அத்தையிடம் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் அம்மாவின் வாயில் எது நிற்கும்? அந்தச் சமயத்தில் அத்தை இருந்த இருப்பே சரியில்லை. ரெண்டு வாய் கஞ்சி, அதையும் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து கெஞ்ச வேண்டும். ஆள் பாதியாகிவிட்டாள். "மைனியும் அண்ணன் பின்னாலயே போயிரும்போல" என்று அம்மா அடுப்படியில் தனியாக அழுவதை நானே பார்த்திருக்கிறேன். போனில் பேச வேறு பேச்சு கிடைக்காமல்தான் அம்மா சீட் நகர்ந்ததைச் சொன்னாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை சாயந்திரம் அத்தை பஸ் ஏறி வந்துவிட்டாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, நேரே கொட்டகைக்குப் போனாள். டிரைவர் கதவைத் திறந்து, "உக்காருங்க" என்று சொல்லி ஒன்றாம் பித்தானை அமுக்கினாள். சீட் முனகிக்கொண்டு பின்னால் போய் நின்றது. கதவைப் பதமாகச் சாத்தினாள். அந்தப் பக்கம் சுற்றி வந்து முன்சீட்டில் ஏறிக்கொண்டு ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டாள். உள்ளே அவள் வாய் அசைவது மட்டும் எங்களுக்குத் தெரிந்தது. நடுநடுவே நிறுத்துவாள், தலையாட்டுவாள். ஒருமுறை கோபித்துக்கொண்டு முகத்தைக்கூடத் திருப்பிக்கொண்டாள். செத்த நேரம் கழித்து இறங்கி வந்தவள் அம்மாவைப் பார்த்து, "என்ன கொழம்பு வச்சிருக்க? பசிக்கி" என்றாள். அம்மா சோற்றைப் போடப் போட அவள் சாப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

அன்றையிலிருந்து வெள்ளி தவறாமல் வந்தாள். முகத்தில் சதை வைத்தது. எனக்குப் பால்கோவா வந்தது. மாமாவுக்கு என்று ஒரு துண்டு டேஷ்போர்டிலும் வைக்கப்பட்டது.

சிக்கல் பேட்டரியில் வந்தது. ராத்திரி நன்றாக இருக்கும், காலையில் செத்துக் கிடக்கும். அப்பா ஒவ்வொரு வயராகப் பிடித்துக்கொண்டே போய்க் கடைசியில் கண்டுபிடித்தார். வண்டி சும்மா நிற்கும்போதே சீட்டுக்கு அடியில் இருந்த அந்த ஞாபகப் பெட்டி கரண்டைக் குடித்துக்கொண்டிருந்தது. புதுசு போட எங்களால் முடியாது, கழற்றிப் போட்டால் மாமாவின் அளவு போய்விடும். அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். "பெட்டி போனா போகட்டும். சீட்டு நகரணும். மைனி பழையபடி பட்டினி கெடந்தா நான் தாங்க மாட்டேன்" என்றாள்.

அப்பா பெட்டியைக் கழற்றினார். ஆனால் கழற்றுவதற்கு முன் சீட்டை மாமாவின் இடத்துக்குக் கொண்டுபோய், அதற்கு மேல் போகாமல் சீட் நகரும் தண்டவாளத்தில் ஒரு போல்ட்டை முடுக்கினார். சீட் மோட்டாரிலிருந்து நேராக வயர் இழுத்து, ஆட்டோ ஹாரனுக்குப் போடும் ரிலே ஒன்றைக் கோத்து, தரைவிரிப்புக்கு அடியிலேயே கொண்டுபோய்க் கொட்டகைத் தட்டிக்குப் பின்னால் துவைக்கிற கல்லண்டை முடித்தார். அங்கே ஒரு காலிங்பெல் சுவிட்சு. அதுதான் என்னுடைய சுவிட்சு. கொட்டகைக்குள் அத்தையின் குரல் "உக்காருங்க" என்றதும் நான் அமுக்க வேண்டும், சீட் போய் 'டக்'கென்று முட்டியதும் விட வேண்டும். அத்தை ஊருக்குப் போன பிறகு அப்பா வயரை மாற்றிப் பிடித்துச் சீட்டை முன்னால் கொண்டுவந்துவிடுவார்.

எம்புட்டுப் பெருமை எனக்கு! பள்ளிக்கூடம் விட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவேன். துவைக்கிற கல்லுக்குப் பின்னால் குந்திக்கொண்டு மூச்சைப் பிடித்துக் காத்திருப்பேன். சாய்மானம் சரியாது, கதவுக் கண்ணாடியும் திரும்பாது. அதுக்கெல்லாம் அப்பா வயர் இழுக்கவில்லை. அத்தை ஒருநாள், "கண்ணாடி மட்டும் திரும்ப மாட்டேங்குதே தம்பி" என்று கேட்டாள். "அந்த மோட்டாரு போச்சுக்கா" என்று அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா டிரில் என்று எங்களை நிறுத்திவைத்துவிட்டார்கள். வெயிலில் கையைத் தூக்கு, காலைத் தூக்கு என்கிறார் டீச்சர். எனக்கு நினைப்பெல்லாம் சுவிட்சில் இருந்தது. விட்டதும் ஓட்டமாக ஓடி வந்தேன். வீடு பூட்டிக் கிடந்தது. கொட்டகைப் பக்கம் போனால் அத்தை காரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள். எல்லாம் கெட்டது, இனி இவள் சாப்பிட மாட்டாள், அம்மா அழுவாள், எல்லாம் என்னால்தான் என்று அழுகை வந்துவிட்டது.

அத்தையோ சிரித்தபடி வந்து என் நெற்றி வியர்வையை முந்தானையால் துடைத்தாள். "ஏட்டி, இதுக்காகவா ஓடி வந்த? இனிமே அந்தக் கல்லுக்குப் பின்னால வெயில்ல குந்தி இருக்காத தாயி. கை வலிக்கும். நீ இல்லாமலே இன்னைக்கு அவிய வந்துட்டாக" என்றாள். பால்கோவாப் பொட்டலத்தை என் கையில் வைத்தாள். "அம்மா வந்தா சொல்லு, எங்க வீட்ல நான் சோறு பொங்கி வச்சிட்டுத்தான் வந்தேன்னு. பொறவு வாரேன்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள். அவள் அப்படிக் கைவீசி நடந்து நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

ஆக, நான் ஒளிந்திருப்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த வெட்கம்கூட எனக்கு அப்போது உறைக்கவில்லை. காருக்குள் எட்டிப் பார்த்தேன். சீட் பின்னால் போய் நின்றது. சாய்மானமும் சரிந்திருந்தது. கதவுக் கண்ணாடி அழகாகத் திரும்பி நின்றது. கண்ணாடியைக்கூடச் சரிசெய்திருக்கிறார்கள், எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை! என் சுவிட்சை யாரோ அமுக்கியும் இருக்கிறார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அம்மா மாவுத் தூக்குடன் வந்து சேர்ந்தாள். நான் விடவில்லை. "நீதான அமுக்குன?"

"எத? நான் மாவு மில்லுல கூட்டத்துல நிக்கேன்" என்றவள், அத்தை வந்துவிட்டுப் போனதைச் சொன்னதும் தலையில் கைவைத்தாள். "அய்யோ, இன்னைக்கு வராதீகன்னு சொல்லத்தான் காலையில இருந்து போன் அடிச்சேன். எடுக்கவே இல்லையே. மனசு ஒடிஞ்சு போயிருக்குமே."

"எங்க ஒடிஞ்சுது? சிரிச்சிக்கிட்டுல்லா போச்சு. சீட்டு நகந்துச்சு, கண்ணாடியும் திரும்பிருக்கு. அப்ப அப்பாதான் அமுக்கிருக்கு."

அம்மா என் முகத்தையே பார்த்தாள். மாவுத் தூக்கைக் கீழே வைக்கவும் தோன்றாமல் நின்றாள். அந்நேரம் அப்பாவின் மொபெட் சத்தம் கேட்டது. ஷிப்டு முடிந்து வருகிறவர், கால்களுக்கு நடுவே ஒரு பெரிய கறுப்புப் பெட்டியை இடுக்கிக்கொண்டு வந்தார். நான் ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்து, என் சுவிட்சை ஏன் அமுக்கினாய் என்று கேட்டேன். அவருக்கு விளங்கவில்லை. அம்மா கொட்டகையைக் கைகாட்டினாள். அவர் போய்க் காருக்குள் பார்த்தார். சீட்டைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார். முன்பக்க மூடியைத் தூக்கிப் பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பி வந்தார். பேசும்போது குரல் அவருடையதாக இல்லை.

"காலையிலயே கழட்டி சார்ஜுக்குக் குடுத்துட்டேன்ட்டி. பேட்டரி இந்தா, இப்பத்தான் கொண்டு வாரேன்."

"பேட்டரி எங்க இருந்தா என்ன?" என்று நான் கத்தினேன். "சுவிட்சு என்னோடது!"

அப்பா மொபெட்டில் இருந்த பேட்டரியையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்கு வந்த அழுகையில் காலை உதறிக்கொண்டு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். அம்மா வந்து என்னை வாரி எடுத்து, எலும்பு வலிக்கிற அளவுக்கு இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அவள் உடம்பெல்லாம் நடுங்கியது. நியாயம் என் பக்கம் இருப்பதால்தான் அம்மாவுக்கு இவ்வளவு பதறுகிறது என்று நினைத்துக்கொண்டு, நான் அவள் தோளில் முகத்தை வைத்து இன்னும் சத்தமாக அழுதேன்.