புகை வராத வீடு

வடதுருவப் பக்கம் இருக்கும் எங்கள் ஊரில் காலையில் எழுந்தால் முகம் கழுவுவதற்கு முன்பே பக்கத்து வீட்டுப் புகைபோக்கியைப் பார்ப்போம். பூஜ்யத்துக்குக் கீழே ஐம்பதைத் தாண்டிய குளிரில் புகை நேராக மேலே போனால் உள்ளே ஆள் நலம். புகை இல்லையென்றால் ஒரு கட்டு விறகை அணைத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்ட வேண்டும். இருக்கிறாயா, செத்தாயா என்று யாரும் கேட்பதில்லை. "சொல்லு" என்பார்கள். "ஒண்ணுமில்ல, நீ சொல்லு" என்று பதில் வந்துவிட்டால் விறகை அடுப்படியில் போட்டுவிட்டு, பால் விட்ட தேநீரைக் குடித்துவிட்டு வரலாம்.

பல்பாரா இந்த வழக்கத்தால் பிழைத்தவள். அவள் சிறுமியாக இருந்தபோது சாணம் பூசிய மரக்குடிலில் தடுப்புக்கு அந்தப் பக்கம் மாடுகள், இந்தப் பக்கம் மனிதர்கள். ஜன்னலில் கண்ணாடி கிடையாது, ஆற்றில் வெட்டிய பனிக்கட்டிப் பாளம்தான். "மாட்டு மூச்சு நாறும். ஆனா கதகதன்னு இருக்கும்" என்பாள். ஒரு ஜனவரியில் அம்மாவும் அவளும் காய்ச்சலில் கிடக்க அடுப்பு அணைந்துபோனது. புகை நின்றதைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் விறகோடு வந்து தீ மூட்டினார். அவர் வந்திராவிட்டால் அவள் வளர்ந்து கூட்டுப் பண்ணையில் காலமெல்லாம் பால் கறந்திருக்க மாட்டாள். கணவனைப் புதைத்துவிட்டு, மகன் ஐசெனை நகரத்துக்கு அனுப்பிவிட்டு, தனியாக உட்கார்ந்திருக்கவும் மாட்டாள்.

பிறகு ஊருக்குப் பொதுக் கொதிகலன் வந்தது. குழாயில் வெந்நீர் வீடு வீடாக ஓடியது. நானும் என் அடுப்பை இடித்து அந்த இடத்தில் பிரிட்ஜ் வைத்தேன். இந்தக் குளிரில் பிரிட்ஜ் எதற்கு என்று கேட்காதீர்கள், எங்களுக்கும் கோடை உண்டு. விறகு பிளக்கும் வேலை ஒழிந்தது என்று எல்லோருக்கும் கொண்டாட்டம். பல்பாரா மட்டும் அடுப்பை விடவில்லை. எதிர்வீட்டு பைபால், மனைவியை இழந்த கிழவர், தினமும் சீண்டுவார்.

"குழாய்தான் கொதிக்குதே. இன்னும் ஏன் காட்டை எரிக்கிற?"

"மொத அப்பத்தை தீக்குப் போடணுமே அண்ணே. குழாய்க்கு வாய் எங்க இருக்கு?"

தீக்கு முதல் வாய் ஊட்டாமல் நாங்கள் சாப்பிடுவதில்லை என்பது உண்மைதான். ஆனால் அவள் சொன்னது பாதிக் காரணம். மீதிப் பாதியை ஒரு நாள் என் கடைக்கு வந்தபோது சொன்னாள். தன் வீட்டுப் புகையை இன்னும் யாராவது பார்க்கிறார்களா என்று அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

குழாய் வந்த மூன்றாம் குளிர்காலத்தில் ஒரு காலை அவள் வேண்டுமென்றே அடுப்பை மூட்டவில்லை. மின் அடுப்பில் அப்பம் சுட்டு, நல்ல சால்வையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஜன்னலில் படிந்த உறைபனியை ஒரு காசளவுக்குச் சுரண்டி அதன் வழியே தெருவைப் பார்த்தாள். பைபால் குடிநீருக்கான பனிக்கட்டிகளைச் சறுக்குவண்டியில் இழுத்துக்கொண்டு போனார். நின்றார். அவள் புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தார். சிரித்துக்கொண்டே போய்விட்டார். அன்று வேறு யாரும் வரவில்லை. அப்பம் ஆறிப்போனது.

மறுநாள் அவள் ஒரு கட்டு விறகோடு பைபால் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"சொல்லு" என்றார் அவர், பழக்கத்தில்.

"ஒண்ணுமில்லண்ணே. உங்க வீட்ல புகை வரல."

"மூணு வருஷமாவே வரலியே."

"ஆமா. மூணு வருஷமா நானும் வரல."

கிழவர் விலகி வழிவிட்டார். முந்தின நாள் அவள் வீட்டில் புகை இல்லாததைப் பார்த்து, கடைசியில் பல்பாராவுக்கும் புத்தி வந்தது என்று மகிழ்ந்தவர் அவர். விறகை வைக்க அடுப்பு இல்லை, அடுப்பிருந்த இடத்தில் டி.வி. இருந்தது. அதன் பக்கத்திலேயே வைத்துவிட்டு இருவரும் தேநீர் குடித்தார்கள்.

அதற்கடுத்த நாள், பல்பாராவின் புகைபோக்கியில் புகை ஜோராகப் போய்க்கொண்டிருக்க, பைபால் அதே கட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். "சொல்லு" என்றார். மறுநாள் அவள் அதைத் திருப்பிக் கொண்டுபோனாள். அந்தக் குளிர்காலம் முழுக்க ஒரே கட்டு விறகு இரண்டு வீட்டுக்கும் போய்வந்தது. பட்டையெல்லாம் உதிர்ந்து, பிடித்த இடம் வழவழவென்று ஆகிவிட்டது. ஊரே சிரித்தது, நானும் சிரித்தேன்.

அடுத்த இலையுதிர்காலத்தில் பைபாலுக்கு மூச்சிரைப்பு அதிகமாகி, மகள் வந்து நகரத்துக்கு அழைத்துப்போனாள். பசுவை விற்று, ஜன்னல்களில் பலகை அடித்தாகிவிட்டது. கிளம்பும் முன் அவர் விறகுக்கட்டைப் பல்பாராவின் வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

இந்த டிசம்பரில் வந்த குளிர் எங்களுக்கே அதிகம். குழாய் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. எட்டிப் பார்க்கலாம் என்று போனேன். பல்பாரா அடுப்பில் பழைய நாற்காலியை உடைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். பிளந்த விறகு தீர்ந்துவிட்டதாம். கதவோரம் அந்தக் கட்டு அப்படியே இருந்தது.

"இதைப் போட்டா என்னக்கா?"

"அது பைபாலண்ணன் வீட்டுக்குப் போக வேண்டியது. இப்ப என் முறை."

பைபால் இனித் திரும்பமாட்டார் என்று ஊருக்கே தெரியும். அவளுக்கும் தெரியும். நாற்காலியின் கடைசிக் காலை உள்ளே தள்ளிவிட்டு, எனக்குத் தேநீர் ஊற்ற எழுந்தாள்.