சாக்கில் கிடந்த கிண்ணங்கள்

செம்மேட்டில் மிளகு வியாபாரம் செய்யும் இலியாஸுக்கு நாற்பது வயதுக்கு மேல் மரக் கடைசல் பைத்தியம் பிடித்தது. அன்றிலிருந்து அவன் மனைவி நசீபாவைப் பிடித்துக்கொண்டது பயம்.

கட்டையைச் சுழலவிட்டு உளியால் செதுக்கும் பழைய கடைசல் மிஷின் ஒன்றை யாரிடமிருந்தோ வாங்கி வந்து மிளகுக் கொட்டகையின் ஓரத்தில் போட்டிருந்தான். போனில் வீடியோ பார்த்துத்தான் பழகினான். காற்றில் சாய்ந்த பலாமரத்தின் பச்சைக் கட்டைகளைக் காய விடாமல் கடைவான். கிண்ணம் காய்ந்ததும் கோணிக்கொள்ளும், இல்லாவிட்டால் விரிசல் விடும். ஒன்றில் உளி ஆழமாக இறங்கி அடிப்பக்கம் ஓட்டையாகிவிட்டது. கெட்டுப்போனதையெல்லாம் ஒரு சாக்கில் எறிந்தான்.

நசீபா அடுப்படியில் இருந்தாலும் காது கொட்டகையில்தான் இருக்கும். மிஷின் ஒரே சீராக உறுமும்வரை மூச்சு விடுவாள். சத்தம் கொஞ்சம் மாறினாலும் கையிலிருப்பது நழுவும்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்தவன் நேராகக் கொட்டகைக்குப் போனான். விரிசல் விட்ட கிண்ணம் ஒன்றை மறுபடி மிஷினில் மாட்டினான். மேலே கொஞ்சம் சீவினால் விரிசல் மறைந்துவிடும் என்பது அவன் கணக்கு. சற்று நேரத்தில் உறுமலுக்கு நடுவே 'டிக், டிக்' என்று ஏதோ தட்டியது. நசீபா ஓடினாள்.

"ஏனுங்க, நிறுத்துங்க! சத்தம் சரியில்லீங்க!"

"இன்னும் ஒரு சுத்து, நசீபா. முடிஞ்சிரும்."

சொல்லி வாய் மூடவில்லை, கிண்ணம் வெடித்தது. ஒரு துண்டு கூரைத் தகரத்தில் மோதி விழுந்தது. இன்னொன்று இலியாஸின் முகத்தில் பாய்ந்தது. அவன் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். விரல் இடுக்குகளில் ரத்தம் வழிந்தது. மிஷின் மட்டும் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த வேண்டும் என்பதே நசீபாவுக்குத் தோன்றவில்லை.

பக்கத்து வீட்டு செல்லமுத்து தன் காரில் இருவரையும் ஏற்றிக்கொண்டு மலையிலிருந்து கீழே ஆஸ்பத்திரிக்கு இறங்கினார். மலைப்பாதையின் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் இலியாஸின் தலை அவள் தோளில் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது. கண்ணில் வைத்திருந்த துண்டை எடுத்துப் பார்க்க அவளுக்குத் தைரியமில்லை. உள்ளே கண் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலே துஆ ஓதிக்கொண்டு வந்தாள்.

"பயப்படாதீங்க. இதோ அடிவாரம் வந்துருச்சுங்க," என்று செல்லமுத்து சொல்லிக்கொண்டே இருந்தார். அடிவாரம் வருவதாகத் தெரியவில்லை.

கண் பிழைத்தது. புருவ எலும்பில் பட்டதால் தையல் போட்டதோடு போயிற்று. சற்றுக் கீழே பட்டிருந்தால் பார்வை போயிருக்கும் என்றார் டாக்டர். அந்த ஒரு வார்த்தை நசீபாவைப் பல நாள் தூங்கவிடவில்லை.

அதன்பின் இலியாஸ் மிஷினைத் தார்ப்பாயால் மூடிவிட்டான். மிளகு மூட்டை எடுக்கக்கூட அவளையே அனுப்பினான். தட்டு கீழே விழுந்தால் அவன் கை தானாக முகத்துக்குப் போகும். தொல்லை ஒழிந்தது என்று நசீபா நிம்மதியாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் சாயங்காலமானால் கடைசல் கிண்ணங்களைப் பற்றி ஓயாமல் பேசும் மனிதன் இப்போது சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதும் அவளுக்குப் பயமாகவே இருந்தது.

ஒருநாள் சாக்கை முற்றத்தில் கொட்டினாள். ஒவ்வொரு கிண்ணத்தையும் விரல் முட்டியால் தட்டி, காதருகே வைத்துக் கேட்டாள். விரிசல் உள்ளவை மந்தமான சத்தம் தந்தன. அவற்றைத் தனியே ஒதுக்கினாள். விரிசல்களில் காப்பித்தூளையும் மரப்பசையையும் குழைத்து அடைத்து, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்தாள். கறுப்புக் கோடு ஓடினாலும் பார்க்க நன்றாகவே இருந்தன. ஓட்டைக் கிண்ணமோ கணீரென்றது. அதே மரத்தில் ஒரு வில்லை அறுத்து ஓட்டையில் பசையிட்டு இறுக்கினாள். வில்லை மேடாக நின்றது. அதை வழிக்க மிஷின் வேண்டும்.

இலியாஸ் திண்ணையில் சாய்ந்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அத அடுப்புல போடு, நசீபா."

"இதுல விரிசல் இல்லீங்க. நீங்களே தட்டிப் பாருங்க."

அவன் தட்டினான். மறுபடியும் தட்டினான். "இத மறுபடி மிஷின்ல மாட்ட என்னால முடியாது. பயமா இருக்குது."

"எனக்குந்தான் பயமா இருக்குது. மெதுவா ஓட விடுங்க. முகத்துக்குக் கவசம் போட்டுக்கங்க. நான் சுவிட்ச்சுல கை வெச்சுட்டு நிக்கிறேன்."

பசை நன்றாக இறுகியபிறகு, ஒரு பகல் பொழுதில் தார்ப்பாயை இருவருமாக விலக்கினார்கள். கிண்ணத்தை மாட்டி, கையாலேயே சுற்றிப் பார்த்தான் இலியாஸ். ஒதுங்கி நின்றுகொண்டான். நசீபா பிஸ்மி சொல்லி சுவிட்சைத் தட்டினாள். உறுமல் எழுந்தது. அவன் உளியை வைத்தான், எடுத்தான், நெற்றியைத் துடைத்தான், மறுபடி வைத்தான். மெல்லிய மரச்சுருள்கள் அவன் கையில் விழுந்தன. ஒரு இடத்தில் சத்தம் லேசாகக் கரகரத்தது. அவனைக் கேட்காமலே நசீபா நிறுத்திவிட்டாள். பார்த்தால் பசைத்துளி ஒன்று. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினார்கள்.

வில்லை கிண்ணத்தின் அடியோடு சமமாகிவிட்டது. கிண்ணம் கொஞ்சம் கோணல்தான். ஆனாலும் முழுசாகக் கையில் வந்தது. இலியாஸ் அதை அவளிடம் கொடுத்துவிட்டு வெளியே போய் வாந்தி எடுத்தான். அவள் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

இப்போதும் அவன் கடைகிறான். காய்ந்த கட்டையை மட்டும், அதுவும் நசீபா வீட்டிலிருந்தால்தான். பயம் போய்விட்டதா என்று செல்லமுத்து கேட்டபோது அவள் சிரிக்கவில்லை.

"எங்கீங்க போகும்? மிஷின் ஓடுற வரைக்கும் எனக்கு உசுரு தொண்டையிலதாங்க இருக்குது."