தம்பியை நிறுத்தி வைத்த மாதங்கள்

தம்பியிடம், இனிமேல் நீ எங்கள் பேண்டில் வாசிக்க வேண்டாம் என்று நான் சொன்னது ஒரு சனிக்கிழமை மத்தியானம். முத்தியால்பேட்டையில் ஒரு தையல் கடையின் மாடியில், பயிற்சிக்காக நாங்கள் எடுத்திருந்த அறையில் வைத்துச் சொன்னேன். சத்தம் வெளியே போகக் கூடாதென்று ஜன்னல்களில் பழைய மெத்தைகளைக் கட்டியிருந்தோம். அதனால் காற்றும் உள்ளே வராது. பேஸ் கிட்டார் வாசிப்பவரும் கீபோர்டு வாசிப்பவரும் டீ குடிக்க இறங்கிப் போயிருந்தார்கள். நான்தான் அவர்களைப் போகச் சொல்லியிருந்தேன்.

"நீ ஓடுறடா. எல்லாப் பாட்டுலயும் தாளத்துல எனக்கு முன்னாடி ஓடுற. ஆறு மாசமா பொறுத்துப் பாத்துட்டேன். கொஞ்ச நாளைக்கு வேற ஆள வச்சுப் பாக்கலாம்னு இருக்கேன்" என்றேன்.

அவன் குச்சிகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்னைவிட ஐந்து வயது சின்னவன். உழவர்கரையில் டூவீலர் மெக்கானிக் கடை வைத்திருக்கிறான். பதினெட்டு வருடமாக எனக்குப் பின்னால் உட்கார்ந்து டிரம்ஸ் வாசித்தவன். சண்டைக்கு வருவான் என்று நினைத்து, என்ன என்ன சொல்வது என்று இரண்டு நாளாக மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

"சரிக்கா" என்றான். அவ்வளவுதான். அவனுடைய சிம்பல் தட்டுகளை மட்டும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டான். படியில் இறங்கும்போது நின்று, "ஒடம்ப பாத்துக்கோ" என்றான். இவன் ஏன் இதைச் சொல்கிறான் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கிட்டார் என் கைக்கு வந்தது மாதா கோயில் பாடகர் குழுவில். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் வாசித்துக்கொண்டிருந்தவர் கல்யாணமாகி ஊரைவிட்டுப் போனதும், சாமியார் என்னைக் கூப்பிட்டு அதைக் கொடுத்தார். எனக்கு அப்போது பதினாறு வயது. அந்த வருடம்தான் எங்கள் மேல்மாடிக்கு ஒருவர் குடிவந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்து ஓய்வுபெற்றுத் திரும்பியவர். அவர் வீட்டிலிருந்து சாயங்காலங்களில் ஒரு பாட்டு கேட்கும். ஒரு ஆள் பாட, அவன் பாடி முடித்த வரிக்குக் கிட்டார் பதில் சொல்லும். மனுஷன் பேசுவதைப் போலவே அது பேசியது. என்ன பாட்டு இது என்று மாடிப்படியில் நின்று கேட்டேன். "ப்ளூஸ்" என்று சொல்லி, கேசட்டையே எடுத்துக் கொடுத்துவிட்டார்.

ப்ளூஸைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை. மூன்று கோர்டுகள், நான்கு தட்டு ஒரு அளவு என்று பன்னிரண்டு அளவு கொண்ட ஒரு சுற்று, சுற்று முடிந்தால் மறுபடியும் முதலிலிருந்து. கஷ்டம் எல்லாம் கையில்தான். இடது கையின் மோதிர விரலால் கம்பியை மேலே தள்ளி, சுரத்தை வளைக்க வேண்டும். எவ்வளவு தூரம், எப்போது என்பதில் ஒரு நூல் பிசகினாலும் அழுகை முனகலாகிவிடும். அந்த விரலுக்கு இரண்டு வருடம் பிடித்தது.

பிறகு கல்யாண வரவேற்புகளில் வாசித்தேன். அங்கே என்னிடம் யாரும் ப்ளூஸ் கேட்கவில்லை. சினிமாப் பாட்டுதான். பாட்டின் நடுவில் எட்டு அளவு எனக்குக் கிடைக்கும். அதில் என் ஆசையைத் தீர்த்துக்கொள்வேன். முப்பத்திரண்டு வயதில் சொந்தமாக ஒரு பேண்ட் ஆரம்பித்தேன். நடத்துவது ஒரு பெண் என்றதும் முதலில் இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், திரும்பி வரவில்லை. அப்போது தம்பி, "நான் வாசிக்கிறேன்" என்றான். அவனுக்கு டிரம்ஸ் தெரியாது. எனக்காகக் கற்றுக்கொண்டான். பிறகு மற்ற இருவரும் வந்து சேர்ந்தார்கள். கடற்கரைப் பக்கத்து ஓட்டல்களில் வார இறுதி மாலைகளில் வாசிக்க ஆரம்பித்தோம். சென்னைக்கும் பெங்களூருக்கும் போய் வந்தோம். எங்கள் ஊர் பேண்ட் என்று நாலு பேருக்குத் தெரிந்தது.

அப்படிப்பட்டவனைத்தான் "சரிக்கா" என்று சொல்ல வைத்து அனுப்பினேன்.

மூன்று மாதம் தேடிய பிறகு அவனுக்குப் பதிலாக வந்தவள் இருபத்தாறு வயதுப் பெண். அரியாங்குப்பத்தில் வீடு, ஒரு கம்பெனியில் வேலை. சுத்தமாக வாசித்தாள். மூன்று பயிற்சியிலேயே பாட்டெல்லாம் அவளுக்கு மனப்பாடம். நான்காவது பயிற்சியில் மெதுவான பாட்டை எடுத்தோம். பாதிச் சுற்றிலேயே அதே தொல்லை. டிரம்ஸ் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது.

நான் கையைத் தூக்கி நிறுத்தினேன். "நீயும் ஓடுறம்மா."

அவள் காதிலிருந்து சின்னதாக ஒன்றைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். "மேடம், தப்பா நெனைக்காதீங்க. தாளம் தட்டுற மெட்ரோனோம் என் காதுல ஓடிக்கிட்டே இருக்கு. நான் அத வுட்டு நகரவே இல்ல."

வாங்கிக் காதில் வைத்தேன். டிக் டிக்கென்று அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. பேஸ் வாசிப்பவர் தரையைப் பார்த்தார். கீபோர்டுக்காரர் ஒயரைச் சுற்ற ஆரம்பித்தார். பின்தங்குவது நான்தானோ என்று அவர்களுக்கும் சந்தேகம் இருந்திருக்கிறது, தலைவியிடம் யார் சொல்வது என்று விட்டிருக்கிறார்கள். இன்றைக்கு இது போதும் என்று சொல்லி எல்லோரையும் அனுப்பினேன்.

ஒன்றை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்கு அது அன்றைக்குத்தான் தெரிந்தது என்று சொன்னால் பொய். இடது கையின் சுண்டு விரலும் மோதிர விரலும் மாதக்கணக்காக மரத்துப் போயிருந்தன. காலையில் எழுந்தால் அவை என் விரல்கள் மாதிரியே இருக்காது. ஜாக்கெட் கொக்கி மாட்ட நேரமாகும். ஒருமுறை ஸ்டாஃப் ரூமில் டம்ளர் கைநழுவி விழுந்தது. வயசாகிறது என்று சிரித்துவிட்டேன். கம்பியை வளைக்கும்போது விரல் ஒரு கணம் தாமதமாகப் போய்ச் சேர்ந்ததும் எனக்குத் தெரியும். தெரிந்தும், டிரம்ஸ்தான் ஓடுகிறது என்று நம்பிக்கொள்வது சுலபமாக இருந்தது.

எதற்குப் பயந்தேன் என்பதும் தெரியும். எங்கள் அப்பாவுக்கு நடுக்குவாதம். மில்லில் வேலை பார்த்தவர், நல்ல உறுதியான கை. முதலில் சட்டைப் பொத்தான் போட முடியாமல் போனது, பிறகு டம்ளர் பிடிக்க, பிறகு கரண்டி. கடைசி நான்கு வருடம் தம்பிதான் அவருக்குச் சோறு ஊட்டினான். பூசைக்குப் போனால், நற்கருணை வாங்க நீட்டும் கையை அப்பா இன்னொரு கையால் பிடித்துக்கொள்வார். அந்தக் கை இப்போது எனக்கு வருகிறது என்று நினைத்தேன். நினைத்ததை யாரிடமும் சொல்லவில்லை, என் வீட்டுக்காரரிடமும்கூட.

அடுத்த வாரம் லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனேன். நரம்பு டாக்டர் ஒரு அம்மா, என் வயதுதான் இருக்கும். கையை நீட்டச் சொன்னார், விரல்களை விரிக்கச் சொன்னார், நடக்கச் சொன்னார். முழங்கையில் உள்பக்கமாக விரலால் தட்டினார். சுண்டு விரல் வரைக்கும் கரண்ட் அடித்ததுபோல் ஓடியது. பிறகு பக்கத்து அறைக்கு அனுப்பி, கையில் ஒயர்களை ஒட்டி ஒரு சோதனை எடுத்தார்கள். காகிதத்தை எடுத்துக்கொண்டு திரும்பவும் அவர் முன்னால் உட்கார்ந்தேன்.

"என்னா வேலை பாக்கறீங்க?"

"டீச்சர். கணக்கு."

"பேப்பர் திருத்தும்போது இந்த முழங்கைய மேசையில ஊனிப்பீங்களா?"

எப்போதும் அப்படித்தான். வலது கையில் சிவப்புப் பேனா, இடது முழங்கை மேசைமேல், கன்னம் உள்ளங்கையில். முப்பது வருடமாக அப்படி உட்கார்ந்துதான் திருத்துகிறேன். தூங்கும்போதும் அதே கையை மடக்கித் தலையணைக்குக் கீழே வைத்துக்கொள்வேன். சொன்னேன்.

"அங்கதான் நரம்பு அழுந்துது. வேற ஒண்ணும் இல்ல."

"எங்கப்பாவுக்கு நடுக்குவாதம் இருந்துச்சு" என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "இது அது இல்லம்மா. அதுக்கான அறிகுறி ஒண்ணுகூட உங்க கிட்ட இல்ல. ராத்திரியில முழங்கையில ஒரு துண்டச் சுத்திக்கிட்டு கைய நீட்டிப் படுங்க. மேசையில ஊனாதீங்க. மூணு மாசம் பாப்போம். சரியாவலன்னா சின்னதா ஒரு ஆபரேஷன், அவ்ளோதான்."

வெளியே வந்து மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தேன். எதிரில் ஒருவர் பைனாப்பிள் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்தார். ஒரு தட்டு வாங்கி மிளகாய்த்தூள் தூவிச் சாப்பிட்டேன், பிறகு இன்னொன்று. பக்கத்தில் இருந்த பெண்மணி, "யாருக்கு ஒடம்பு சரியில்ல?" என்று கேட்டார். "எனக்குதாங்க, ஒண்ணும் இல்லன்னுட்டாங்க" என்றேன். அவர் மகிழ்ச்சியாகத் தலையாட்டினார்.

அங்கிருந்து நேராகத் தம்பி கடைக்குப் போனேன். இந்த நான்கு மாதத்தில் குடும்ப விசேஷங்களில் பார்த்துக்கொண்டோம், சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டோம், அதற்குமேல் பேசவில்லை. அவன் ஒரு ஸ்கூட்டரின் பின்சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தான். ஸ்டூலை எடுத்துப் போட்டான்.

நான் உட்காரவில்லை. "நீ ஓடலடா. நான்தான் பின்னாடி வந்துட்டு இருந்தேன்."

அவன் கையில் இருந்த ஸ்பானரைத் துடைத்தான். "தெரியும்க்கா."

"தெரியுமா?"

"நீ பாட்டுல எப்ப லேட்டா வருவன்னு தெரிஞ்சிடும். ஒனக்காகக் கொஞ்சம் இழுத்துப் பிடிப்பேன். அப்பறம் மத்தவங்களுக்காக முன்னாடி போவேன். அதனாலதான் கன்னாபின்னான்னு இருந்துச்சு."

"ஏன்டா சொல்லல? என்கிட்ட திட்டு வாங்கிக்கிட்டு, சரிக்கான்னுட்டுப் போனியே."

அவன் ஸ்பானரை அதன் இடத்தில் மாட்டினான். "என்னான்னு சொல்லச் சொல்ற? அப்பா கைய நானும்தான பாத்தேன். ஒன் கையும் அதே மாதிரி தடுமாறுச்சு. நான் வாயத் தொறந்து சொல்லிட்டா அது நெசமாயிடும்னு இருந்துச்சு. அதுக்கு நான் ஓடுறேன்னே இருக்கட்டும்னு வுட்டுட்டேன்."

பையிலிருந்து ஆஸ்பத்திரிக் காகிதத்தை எடுத்தேன். அவனால் அதைப் படிக்க முடியாது, என்னாலும்தான். "அது இல்லடா. நரம்பு அழுந்தியிருக்கு, முழங்கையில. பேப்பர் திருத்தித் திருத்தி வந்தது. டாக்டரம்மா தெளிவா சொல்லிட்டாங்க."

"அது இல்லையா?"

"இல்ல."

"நல்லாக் கேட்டியா?"

"கேட்டேன். அப்பாவப் பத்தியும் சொல்லித்தான் கேட்டேன்."

அவன் குழாயடிக்குப் போனான். சோப்பு போட்டுக் கையைக் கழுவினான். மறுபடியும் சோப்பு போட்டான். முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டான். முதுகைக் காட்டியே ரொம்ப நேரம் நின்றான். திரும்பி வந்து, "காபி சொல்லவா?" என்று கேட்டான். சொல்லு என்றேன். அன்றைக்கு நான் மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொன்னேனா என்று இப்போது ஞாபகமில்லை. சொல்லியிருப்பேன். அவன் அதைக் காதில் வாங்கிக்கொண்ட மாதிரி தெரியவில்லை. அந்த டாக்டர் எப்படித் தட்டினார், எங்கே தட்டினார் என்று என் முழங்கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டே இருந்தான்.

மூன்று மாதத்தில் முக்கால்வாசி சரியானது. ஆபரேஷன் வரைக்கும் போகவில்லை. இரவில் துண்டு சுற்றிப் படுப்பேன். பேப்பர் திருத்தும்போது கை தானாக மேசைக்குப் போனால், வீட்டுக்காரர் பார்த்துத் தட்டி விடுவார். பேண்டை நிறுத்தவில்லை. கம்பியை வளைக்கும் பாட்டுகளை ஒதுக்கி வைத்தோம். அரியாங்குப்பத்துப் பெண்ணிடம் நடந்ததையெல்லாம் சொன்னபோது அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "அண்ணனே வாசிக்கட்டும் மேடம், எனக்கு ஷிஃப்ட் மாறுது. அவருக்கு முடியாதப்ப கூப்புடுங்க, வரேன்" என்றாள். அப்படித்தான் இப்போதும் நடக்கிறது.

தம்பி திரும்பி வந்த முதல் சனிக்கிழமை, பையிலிருந்து ஸ்பார்க் பிளக் கழற்றும், குழாய் மாதிரியான ஒரு பழைய சாக்கெட்டை எடுத்து என்னிடம் கொடுத்தான். மண்ணெண்ணெயில் கழுவி, பளபளவென்று தேய்த்திருந்தான். "விரல்ல மாட்டிக்கிட்டு கம்பி மேல ஓட்டு. வளைக்கவே வேணாம்" என்றான். யாரோ அப்படி வாசிப்பதைப் போனில் பார்த்தானாம். நடுவிரலில் மாட்டிப் பார்த்தேன். கனமாக இருந்தது. கம்பி மேல் வைத்து இழுத்ததும் சுரம் வழுக்கிக்கொண்டு போய் எங்கோ நின்றது. நின்ற இடம் சரியில்லை. மறுபடி இழுத்தேன்.

பேஸ் வாசிப்பவர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தன் கிட்டாரை மாட்டிக்கொண்டார். கீபோர்டுக்காரர், "எந்த ஸ்கேல்?" என்று கேட்டார். எனக்கே தெரியவில்லை, நீங்களே ஒன்றைச் சொல்லுங்கள் என்றேன். தம்பி பின்னால் உட்கார்ந்து மெதுவாக எண்ண ஆரம்பித்தான்.